குடத்தில் விழாத ஓலைகள்

சிகாகோ என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, இந்த ஊர்ப்பெயரைக் கேட்டதும் யார் நினைவுக்கு வருகிறார் என்று வகுப்பில் கேட்டால், விடை ஒரே குரலில் வரும்: விவேகானந்தர். உத்திரமேரூர் என்று எழுதினால் அதற்கும் ஒரே விடைதான்: குடவோலை. பள்ளிப் பாடநூல்கள் இந்த இரண்டு பதில்களையும் நம் பிள்ளைகளின் நாக்கில் அழுத்தமாக எழுதிவைத்திருக்கின்றன. ஒன்று 1893, மற்றொன்று பத்தாம் நூற்றாண்டு. ஒன்று ஒரு தமிழ்நாட்டுச் சிற்றூர், மற்றொன்று அமெரிக்காவின் மிகப்பெரிய நகரங்களில் ஒன்று. இரண்டிலும் நமக்குப் பெருமை. இரண்டு பெருமைக் கதைகளிலும் பெண் எங்கே நிற்கிறாள் என்று பாடநூல் சொல்வதில்லை. கல்லிலும் அந்த நகரத்திலும் பெண்கள் இருக்கிறார்கள். தேடிப் படிக்க வேண்டும்.

முதலில் கல்லைப் படிப்போம். வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று அவனுடைய 12ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, மற்றது 14ஆம் ஆட்சியாண்டு, கி.பி. 919, 921 என்று கணக்கிடுகிறார்கள். இந்தியத் தொல்லியல் துறையின் 1904-05 ஆண்டறிக்கையில் வி. வெங்கையா இவற்றை மொழிபெயர்த்து விளக்கிய பிறகுதான் வெளியுலகம் உத்திரமேரூரைத் தெரிந்துகொண்டது. விடுதலை இயக்கக் காலத்தில், எங்களுக்கு ஜனநாயகத்தை நீங்கள் கற்றுத்தர வேண்டியதில்லை என்று வெள்ளைக்காரனுக்குச் சொல்ல அந்தச் சுவர் நமக்குத் தேவைப்பட்டது. அந்தத் தேவையை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்தத் தேவை முடிந்து பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. இப்போதாவது கல்லில் உள்ளதை உள்ளபடி படிக்கலாம்.

ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் கட்டி, குடத்தில் இட்டுக் குலுக்கி, உள்ளே இருப்பது என்னவென்று அறியாத ஒரு சிறுவனைக்கொண்டு ஓர் ஓலையை எடுக்கச் செய்தார்கள். அப்படித் தேர்ந்த முப்பது பேரில் பன்னிரண்டு பேர் சம்வத்சர வாரியம், பன்னிரண்டு பேர் தோட்ட வாரியம், ஆறு பேர் ஏரி வாரியம். பொன்னைச் சோதிக்கவும் பஞ்சவாரத்துக்கும் தனித்தனி வாரியங்கள். தகுதி என்ன? வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீடு வேண்டும். வயது 35க்கு மேல் 70க்குள். இரண்டாண்டுக்கு முன்பு வெட்டிய முதல் கல்வெட்டில் இது 30, 60 என்று இருந்தது. வேதம் ஓதியிருக்க வேண்டும். கடந்த மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்திருக்கக் கூடாது.

இந்தத் தகுதிகளைப் படித்த பிறகு, ஊர் மக்கள் எல்லோரும் கூடி ஆட்சியாளர்களைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று எப்படி எழுத முடிகிறது என்பது எனக்கு விளங்காத புதிர். இது பிராமணர்களுக்குத் தானமாக அளிக்கப்பட்ட சதுர்வேதிமங்கலத்தின் சபை. உழுதவர்கள், நெய்தவர்கள், பறையடித்தவர்கள், வயிரமேகத் தடாகத்தின் கரையில் மண் சுமந்தவர்கள் என எவர் பெயரும் ஓலையில் ஏறவில்லை. ஓலை ஏறிய வகுப்பிலும் பாதி மனிதர்கள் விடப்பட்டார்கள். பெண்ணுக்கு உரிமையில்லை என்று கல்வெட்டு எங்கும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையே எழவில்லை. கழுதைமேல் ஏற்றப்பட்டவர்கள், பொய்க் கையெழுத்து இட்டவர்கள், பிறர் பொருளைக் கவர்ந்தவர்கள் எல்லோரும் விலக்குப் பட்டியலில் இடம்பெறுகிறார்கள். விலக்கப்படுவதற்குக்கூட ஒருவர் முதலில் கணக்கில் இருந்தாக வேண்டுமல்லவா?

ஆனாலும் பெண்கள் அந்தச் சுவரில் இருக்கிறார்கள். நான் எத்தனை முறை படித்தாலும் நின்றுவிடும் பகுதி அது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி குடத்துக்குள் வர முடியாது. அவனோடு அவன் உறவினர்களுக்கும் தடை. யார் அந்த உறவினர்? சிற்றவ்வை, பேரவ்வை மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், தாயுடன் பிறந்தவன், பெண் கொடுத்த மாமனார், மனைவியுடன் பிறந்தவன், உடன்பிறந்தாளை மணந்தவன், உடன்பிறந்தாளின் மக்கள், மகளை மணந்த மருமகன். அவ்வை என்றால் இங்கே தாய். சின்னம்மாவும் பெரியம்மாவும் அத்தையும் மனைவியும் தங்கையும் மகளும் வரிசையாக வருகிறார்கள், எல்லோரும் ஓர் ஆணிடமிருந்து இன்னோர் ஆணுக்குப் போகும் பாதையாக. ஊர்ப்பணம் எந்த வழியாகக் கசியும் என்று சபைக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அந்த வழி பெண்களின் வழியாகப் போகிறது என்பதும் தெரிந்திருந்தது. ஊழலின் வரைபடத்தை வரையும்போது பெண்களைப் புள்ளிகளாக வைத்தவர்கள், வாரியத்தின் வரைபடத்தில் அவர்களுக்கு ஒரு புள்ளியும் வைக்கவில்லை.

அந்தக் காலத்தில் பெண்களிடம் சொத்தே இல்லையா என்று மாணவிகள் கேட்பார்கள். இருந்தது. சோழர் காலக் கல்வெட்டுகளில் பெண்கள் விளக்கு வைக்கிறார்கள், பொன் தருகிறார்கள், நிலம் எழுதிவைக்கிறார்கள். செம்பியன் மாதேவியைச் சொல்லவே வேண்டாம். இடைக்காலத் தமிழகத்தின் கோயிற்பெண்களை ஆராய்ந்த லெஸ்லி ஓர், அவர்கள் தம் பெயரில் கொடை கொடுத்த செய்திகளை நூற்றுக்கணக்கான கல்வெட்டுகளிலிருந்து திரட்டியிருக்கிறார். கொடுப்பதற்குத் தடையில்லை, கொடுத்ததை எப்படிச் செலவிடுவது என்று முடிவெடுக்கும் இடத்தில்தான் கதவு சாத்தியிருந்தது. இன்றைக்கும் ஊர்த் திருவிழாவுக்கு வரி கொடுக்கும் பெண்கள் விழாக் குழுவில் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

இனி சிகாகோ. 1893இல் அந்த நகரம் கொலம்பஸ் அமெரிக்காவை அடைந்த நானூறாவது ஆண்டைப் பெரும் பொருட்காட்சியாகக் கொண்டாடியது. சர்வசமயப் பேரவை அதன் ஒரு பகுதி. விவேகானந்தரை அனுப்ப அளசிங்கப் பெருமாளும் சென்னை நண்பர்களும் வீடு வீடாகப் பணம் திரட்டிய கதை நமக்குத் தெரியும். அதே பேரவையில் ஜீன் சொராப்ஜி என்ற இந்தியப் பெண்ணும் பேசினார் என்பது தெரியாது. பொருட்காட்சியில் பெண்களுக்கென்றே ஒரு கட்டடம் இருந்தது. அதை வடிவமைத்தவர் சோஃபியா ஹேடன், இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த ஒரு பெண். அந்தக் கட்டடத்தை நிர்வகித்த சீமாட்டிகள் குழுவில் கறுப்பினப் பெண்களுக்கு இடம் தரப்படவில்லை. ஐடா பி. வெல்ஸ் என்ற பத்திரிகையாளர், கறுப்பின மக்கள் இந்தப் பொருட்காட்சியில் ஏன் இல்லை என்று விளக்கும் சிறு நூலை வெளியிட்டு, ஹைட்டி நாட்டு அரங்கில் நின்று பார்வையாளர்களுக்குக் கொடுத்தார். அடிமையாகப் பிறந்து, ஆசிரியராகி, கறுப்பின ஆண்களைக் கும்பல் கூடிக் கொல்வதை எதிர்த்து எழுதியதால் மெம்பிஸ் நகரிலிருந்து விரட்டப்பட்டவர் அவர். சிகாகோவிலேயே தங்கிவிட்டார். நம் நூலகங்களில் சிகாகோ உரைக்கு எத்தனை பதிப்புகள்! வெல்ஸின் பெயர் அட்டையில் உள்ள ஒரு நூலையாவது அதே அலமாரியில் வைத்தால் என்ன?

அந்தப் பொருட்காட்சிக்கு நான்கு ஆண்டுகள் முன்பே, 1889இல், ஜேன் ஆடம்ஸும் எலன் கேட்ஸ் ஸ்டாரும் ஹால்ஸ்டெட் தெருவில் ஒரு பழைய மாளிகையில் குடியேறினார்கள். ஹல் ஹவுஸ் என்று பெயர். சுற்றிலும் இத்தாலியர், கிரேக்கர், ரஷ்ய யூதர், அயர்லாந்துக்காரர் என்று வந்தேறிய உழைப்பாளிகள். படித்த வசதியான பெண்கள் அந்தத் தெருவிலேயே தங்கி, அங்குள்ளவர்களின் அண்டை வீட்டாராக வாழ்வது என்பதுதான் திட்டம். குழந்தைகள் காப்பகம், மாலை வகுப்பு, சமையற்கூடம், நாடக மேடை என்று அது வளர்ந்தது. அங்கே தங்கியிருந்த ஃப்ளோரன்ஸ் கெல்லி, தையற்கூடங்களில் குழந்தைகளும் பெண்களும் படும் பாட்டை ஆராய்ந்து எழுதி, 1893இல் இல்லினாய் மாநிலத்தின் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளராக நியமிக்கப்பட்டார். தெருத்தெருவாக யார் எந்த மொழி பேசுகிறார், எவ்வளவு கூலி வாங்குகிறார் என்று வண்ணமிட்டு அவர்கள் அச்சிட்ட வரைபடங்கள் 1895இல் வந்தன.

அதே 1895இல் ஜேன் ஆடம்ஸ் ஏற்ற ஒரு பதவி எனக்கு மிகவும் பிடித்தது: பத்தொன்பதாம் வார்டின் குப்பை ஆய்வாளர். விடியற்காலையில் குப்பை வண்டிகளின் பின்னாலேயே போய், அள்ளுகிறார்களா, கொட்டுகிறார்களா என்று பார்ப்பது வேலை. பிற்காலத்தில், 1931இல், அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவர் இவர். உத்திரமேரூரில் ஏரியின் தூர் வாருவதற்கும் தோட்டத்தைப் பராமரிப்பதற்கும் ஆண்கள் வாரியம் அமைத்து அதைக் கல்லில் வெட்டிக்கொண்டார்கள் என்றால், இங்கே ஒரு பெண் குப்பையின் வழியாக நகராட்சிக்குள் நுழைந்தாள்.

பெண்களுக்கு வாக்குரிமை ஏன் வேண்டும் என்பதற்கு ஆடம்ஸ் வைத்த வாதமும் இதே வழியில் வந்ததுதான். நகரம் என்பது ஒரு பெரிய வீடு. குடிநீர், பால், சாக்கடை, பள்ளி எல்லாம் வீட்டு வேலையின் நீட்சி. வீட்டைத் தலைமுறை தலைமுறையாக நடத்தியவர்களைக் கலந்துகொள்ளாமல் நகரத்தை நடத்துவதால்தான் நகரம் நாறுகிறது. கேட்கச் சுவையான வாதம். எதிரிகளால் எளிதில் மறுக்க முடியாத வாதமும்கூட. ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. நன்றாகக் கூட்டிப் பெருக்குவாள் என்பதற்காக உரிமை கொடுத்தால், கூட்டிப் பெருக்க விரும்பாதவளுக்கு உரிமை இல்லையா? ஆணிடம் இப்படி எந்தச் சான்றும் யாரும் கேட்டதில்லை. நம் ஊராட்சிகளில் பெண் தலைவர் என்றாலே குடிநீரும் கழிப்பறையும் மட்டும் பேசுவார் என்று எதிர்பார்க்கிறார்களே, மணல் குவாரி ஏலத்தையோ நில வகைமாற்றத்தையோ பேசினால் முகம் சுளிக்கிறார்களே, அது இந்தப் பொறியின் உள்ளூர் வடிவம்.

ஹல் ஹவுஸ் கதையில் நம் மாவட்டத்துப் பெண்கள் அவசியம் அறிய வேண்டியது ஜேன் கிளப். ஒரு காலணித் தொழிற்சாலையில் வேலைநிறுத்தம் நடந்தபோது அங்கே வேலைசெய்த பெண்கள் ஹல் ஹவுஸில் கூடிப் பேசினார்கள். முதலில் பணிந்துபோகிறவர்கள் யார் என்று பார்த்தால், வாடகை விடுதிகளில் தங்கியிருந்த பெண்கள். வாரக் கூலி நின்றால் அடுத்த வாரம் படுக்க இடம் இருக்காது. அப்படியானால் நாமே ஒரு விடுதி நடத்தினால் என்ன என்று அந்தப் பெண்களுக்குத் தோன்றியது. 1890களின் தொடக்கத்தில் ஹல் ஹவுஸுக்கு அருகே அடுக்கு வீடுகளை வாடகைக்கு எடுத்துத் தொடங்கினார்கள். முதல் மாத வாடகையையும் தட்டுமுட்டுச் சாமான்களையும் ஹல் ஹவுஸ் கொடுத்தது. பிறகு அவர்களே பார்த்துக்கொண்டார்கள். வாரம் மூன்று டாலர் சந்தா. கண்காணிக்க வார்டன் கிடையாது. நிர்வாகிகளை அவர்களே தங்களுக்குள் தேர்ந்தெடுத்தார்கள். நிர்வாகிகளுக்குச் சம்பளமும் இல்லை. மூன்றாண்டுகளில் அந்தக் கட்டடத்தின் ஆறு வீடுகளும் அவர்கள் கையில் வந்துவிட்டன.

இந்த விடுதிக்குச் சொந்தக் கட்டடம் கட்ட இருபதாயிரம் டாலர் தருவதாக ஒரு செல்வர் முன்வந்தார். தம்மிடம் வேலைசெய்யும் பெண்களுக்குக் குறைந்த கூலி கொடுப்பதில் பெயர்போனவர் அவர். அந்தப் பணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கட்டடம் சில ஆண்டுகள் கழித்து வேறு பணத்தில்தான் எழுந்தது.

வாக்குரிமைக்கு வருகிறேன். 1913 ஜனவரியில் ஐடா பி. வெல்ஸ் சிகாகோவில் ஆல்ஃபா வாக்குரிமைச் சங்கத்தைத் தொடங்கினார். கறுப்பினப் பெண்களுக்கென்று அந்த நகரில் உருவான முதல் வாக்குரிமை அமைப்பு அது. அதே ஆண்டு மார்ச்சில் வாஷிங்டனில் பெரிய பேரணி. தென்மாநில வெள்ளைப் பெண்கள் மனம் கோணுவார்கள் என்று, கறுப்பினப் பெண்கள் ஊர்வலத்தின் கடைசியில் தனியாக வரட்டும் என்றார்கள். வெல்ஸ் மறுத்துவிட்டுக் கூட்டத்துக்குள் மறைந்தார். இல்லினாய் அணி நடந்து வரும்போது வழியோரக் கூட்டத்திலிருந்து இறங்கி, தன் மாநிலத்துத் தோழிகள் இருவரின் நடுவே சேர்ந்து நடந்தார். பெண் விடுதலைக்கான ஊர்வலத்திலேயே பெண்ணுக்குப் பின்வரிசை என்பதை, சேரிக்குத் தேர் வராத ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அந்த ஜூன் மாதம் இல்லினாய் மாநிலம் பெண்களுக்கு வாக்குரிமை அளித்தது. முழு உரிமையன்று. குடியரசுத் தலைவர் தேர்தலிலும் மேயர், வார்டு உறுப்பினர் போன்ற உள்ளாட்சித் தேர்தல்களிலும் வாக்களிக்கலாம். ஆளுநருக்கும் மாநிலச் சட்டமன்றத்துக்கும் கூடாது. எனவே பெண்களுக்குத் தனி வாக்குச்சீட்டு அச்சிட்டார்கள், தனிப் பெட்டியும் வைத்தார்கள். இதை முதன்முதலில் படித்தபோது நான் நம் ஊர்க் குடத்தைத்தான் நினைத்தேன். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பெண்ணின் ஓலைக்குக் குடமே இல்லை; சிகாகோவில் ஓலை இருந்தது, ஆனால் வேறு குடத்தில். அந்தத் தனிப் பெட்டியால் விளைந்த ஒரு வேடிக்கையும் உண்டு. பெண்கள் யாருக்கு வாக்களித்தார்கள் என்று உறுதியாகச் சொல்லக்கூடிய அபூர்வமான தேர்தல் பதிவுகளை அது வரலாற்றாசிரியர்களுக்கு விட்டுச் சென்றது. ஆல்ஃபா சங்கப் பெண்கள் வீடு வீடாகப் போய்ப் பெயர் சேர்த்தார்கள். பிள்ளையைப் பார்த்துக்கொண்டு வீட்டில் கிடக்க வேண்டியதுதானே என்று தெருவில் நின்ற ஆண்கள் கேலி பேசினார்கள். 1915இல் அந்த நகராட்சிக்கு முதல் கறுப்பின உறுப்பினராக ஆஸ்கார் டி பிரீஸ்ட் தேர்வானதில் இந்தப் பெண்களின் வாக்கு பெரும்பங்கு வகித்தது.

அடுத்த சில ஆண்டுகளில் நம் பக்கமும் அசைவு தொடங்கியது. 1917இல் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம். அந்த ஆண்டு டிசம்பரில் சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் குழு சென்னையில் மாண்டேகுவைச் சந்தித்து வாக்குரிமை கேட்டது. அதை ஏற்பாடு செய்ததில் அயர்லாந்திலிருந்து வந்த மார்கரெட் கசின்ஸுக்கு முக்கியப் பங்கு. சௌத்பரோ குழு இந்தியப் பெண்களுக்கு வாக்கு இப்போது வேண்டாம் என்றது. கடைசியில் 1919 சட்டம் பொறுப்பை மாகாணங்களின் தலையில் போட்டது. சென்னை மாகாணச் சட்டசபை 1921இல் பெண் என்பதால் வாக்கில்லை என்ற தடையை நீக்கியது. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் முதலாவது சென்னைதான்.

உத்திரமேரூரின் இரண்டாம் கல்வெட்டு 921. இது 1921. சரியாக ஆயிரம் ஆண்டுகள். எண்களில் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் இந்த ஒற்றுமையை வகுப்பில் சொல்லாமல் இருக்க முடிவதில்லை. உடனே அடுத்த வரியையும் சொல்லிவிடுவேன்: 1921லும் சொத்துத் தகுதி இருந்தது. கால் வேலி நிலம் போய் வரி ரசீது வந்தது, அவ்வளவுதான். சொந்தப் பெயரில் சொத்துள்ள பெண்கள் எத்தனை பேர்? பெரும்பாலான பெண்கள் 1952 பொதுத்தேர்தல் வரை காத்திருந்தார்கள்.

வாக்களிக்கலாம், ஆனால் சபையில் உட்கார முடியாது என்ற நிலை 1926 வரை நீடித்தது. அந்தத் தடை நீங்கியதும் கமலாதேவி சட்டோபாத்யாய மங்களூரில் போட்டியிட்டு மிகக் குறைந்த வாக்குகளில் தோற்றார். மாதர் சங்கத்தின் முயற்சியால் மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி நியமன உறுப்பினராக உள்ளே போனார். சபையின் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவரைப் பற்றி நாம் நிறையப் படித்திருக்கிறோம். புதுக்கோட்டையில் 1886இல் பிறந்தவர். தாய் சந்திரம்மாள் இசை வேளாளர் குலம், தந்தை நாராயணசாமி ஐயர் கல்லூரி முதல்வர். 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம். பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க அவர் தொடங்கிய போராட்டம் 1947இல்தான் சட்டமானது. அந்தச் சட்டம் தம் கலையையும் சொத்துரிமையையும் பறிக்கிறது என்று பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்றவர்கள் எதிர்த்ததையும் சேர்த்தே படிக்க வேண்டும். கோயிற்பெண்ணின் பெயரில் நிலம் இருந்த காலத்தைக் கல்வெட்டில் படித்த நமக்கு அந்த எதிர்ப்பை வெறும் பிற்போக்கு என்று ஒதுக்க முடியாது. முத்துலட்சுமியின் பக்கம் நிற்கும்போதும் எனக்கு இந்த உறுத்தல் உண்டு.

காந்தி கைதானதைக் கண்டித்து 1930இல் அவர் சபையிலிருந்து விலகினார். அதே காலத்தில் அவ்வை இல்லம் பிறந்தது. பொட்டுக்கட்டும் வழக்கத்திலிருந்து வெளியேறி வந்து நிற்க இடமில்லாத சிறுமிகளுக்காகத் தொடங்கிய வீடு. உத்திரமேரூர்ச் சுவரில் தாயைக் குறித்த அதே சொல், ஓர் ஆணின் உறவுமுறையைச் சுட்ட வந்த சொல், இங்கே யாருக்கும் உறவில்லாத பெண்களின் வீட்டுக்குப் பெயரானது.

1933இல் முத்துலட்சுமி சிகாகோவுக்குப் போனார். நகரம் தன் நூறாம் ஆண்டைக் கொண்டாட மறுபடி ஒரு பெரிய பொருட்காட்சி நடத்திய ஆண்டு அது. ஜூலையில் அங்கே நடந்த அனைத்துலகப் பெண்கள் மாநாட்டில் அவர் பேசினார். விவேகானந்தருக்குச் சரியாக நாற்பது ஆண்டுகள் கழித்து. நூல்களில் இது ஒரு வரியாகக் கடந்துபோகிறது. ஆனால் அந்தச் சூழ்நிலையை எண்ணிப் பாருங்கள். ஆறு ஆண்டுகளுக்கு முன்புதான் கேத்தரின் மேயோ என்ற அமெரிக்கப் பெண் ‘மதர் இந்தியா’ என்ற நூலை எழுதி, குழந்தை மணத்தையும் பிரசவச் சாவுகளையும் காட்டி, இந்தியர் தன்னாட்சிக்குத் தகுதியற்றவர்கள் என்று வாதிட்டிருந்தார். அதே குழந்தை மணத்தையும் பொட்டுக்கட்டுதலையும் எதிர்த்து ஊரில் வசவு வாங்கிக்கொண்டிருந்தவர் முத்துலட்சுமி. ஊரில் உண்மையைச் சொன்னால் மேயோவின் கைக்கூலி. அங்கே உண்மையைச் சொன்னால் மேயோவுக்குச் சாட்சி. விவேகானந்தருக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவர் ஒரு பண்பாட்டின் பெருமையைச் சுமந்து சென்றார். அவரை ஊரில் யாரும், உன் வீட்டுக் குறையை ஏன் வெளியே சொன்னாய் என்று கேட்கப் போவதில்லை.

இந்தச் சிக்கல் இன்றும் அந்த நகரத்துத் தமிழ்ப் பெண்களை விடவில்லை என்று நினைக்கிறேன். சிகாகோ தமிழ்ச் சங்கம் 1969இல் தொடங்கியது. அதன் பொன்விழாவையொட்டி 2019 ஜூலையில் பத்தாவது உலகத் தமிழ் மாநாடு அந்நகரின் புறநகரான ஷாம்பர்க்கில் நடந்தது. பொங்கல் விழா, தமிழ்ப் பள்ளி, பட்டிமன்றம் என்று சங்க வாழ்க்கை செழிப்பாக நடக்கிறது. தமிழ்ப் பள்ளிகளைத் தாங்குவது பெரும்பாலும் பெண்களின் சம்பளமில்லா உழைப்பு. டெவான் தெருவில் காஞ்சிப் பட்டு கிடைக்கிறது. அதே நகரத்தில் 1989இல், வீட்டில் அடிபடும் தெற்காசியப் பெண்களுக்காக அப்னா கர் என்ற அமைப்பைச் சில பெண்கள் தொடங்கினார்கள். நமக்குள் இதெல்லாம் கிடையாது, நாம் முன்மாதிரிச் சமூகம் என்று நம்ப விரும்பிய ஒரு மக்கள்கூட்டத்தின் நடுவே தொடங்கினார்கள். விசா கணவன் பெயரில், வங்கிக் கணக்கு கணவன் பெயரில், ஓட்டுநர் உரிமம் இல்லை, பக்கத்து வீட்டாரோடு பேச மொழி இல்லை என்ற நிலையில் ஒருத்தி பனிக்காலத்து இரவில் கதவைத் திறந்துகொண்டு எங்கே போவாள்? அமெரிக்க மாப்பிள்ளை என்று ஊரே கொண்டாடி அனுப்பிவைத்த பெண் அம்மாவிடம் போனில் எதைச் சொல்வாள்? அந்தச் சமூகத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் சங்க மலர்களோடு அந்த உதவி மையத்தின் தொலைபேசி மணியையும் சேர்த்து எழுத வேண்டும்.

சிகாகோவின் மிச்சிகன் அவென்யூவில் ஒரு பகுதிக்கு விவேகானந்தர் பெயரைச் சிறப்புப் பெயராகச் சூட்டியிருக்கிறார்கள். அங்கிருந்து சில தெருக்கள் தள்ளி காங்கிரஸ் பார்க்வே என்ற பெருஞ்சாலை இருந்தது. 2018இல் நகராட்சி அதற்கு ஐடா பி. வெல்ஸ் பெயரை வைக்க முடிவெடுத்தது. அந்நகரின் மையப்பகுதியில் ஒரு கறுப்பினப் பெண்ணின் பெயர் தாங்கிய முதல் தெரு அது. அவர் இறந்து எண்பத்தேழு ஆண்டுகள் ஆகியிருந்தன.

நம் பக்கத்துக்குத் திரும்புவோம். 2016இல் தமிழ்நாடு உள்ளாட்சியில் பெண்களுக்கு ஐம்பது விழுக்காடு ஒதுக்கியது. மாவட்டப் பிரிப்பால் தள்ளிப்போய், காஞ்சிபுரம் மாவட்ட ஊராட்சிகளுக்கு 2021 அக்டோபரில் தேர்தல் நடந்தது. குடத்தில் பாதி ஓலை பெண்களுடையது என்று இப்போது சட்டப்படியே சொல்லலாம். ஆனால் தலைவரின் கைபேசிக்கு அழைத்தால் தலைவரின் கணவர் எடுக்கிறார். 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் தலித் பெண் தலைவரைக் கூட்டத்தில் தரையில் உட்காரவைத்த படத்தை நாடே பார்த்தது. சிற்றவ்வை மகன், மனைவியின் உடன்பிறந்தான், மருமகன் என்று சோழர் காலச் சபை அஞ்சி எழுதிய பட்டியல் முழுவதும் இன்று அலுவலகத்து நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கிறது, பெண்ணின் பெயரில்.

அந்தத் தேர்தல் முடிந்து இரண்டு மாதங்களில், 2021 டிசம்பரில், இதே மாவட்டத்தில் இன்னொரு கூட்டம் கூடியது. சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் கோக்கும் பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இரவெல்லாம் உட்கார்ந்தார்கள். விடுதி உணவு நஞ்சாகித் தோழிகள் பலர் மருத்துவமனையில். சிலர் இறந்துவிட்டதாக வதந்தி. யாரும் பதில் சொல்லவில்லை. பிறகு ஆப்பிள் நிறுவனமே அந்த விடுதிகளும் உணவுக்கூடங்களும் தன் தரத்துக்கு ஏற்றவையாக இல்லை என்று ஒப்புக்கொண்டது. ஒரே அறையில் பலர், தரையில் படுக்கை. ஹால்ஸ்டெட் தெருவில் ஃப்ளோரன்ஸ் கெல்லி குறிப்பெடுத்த அதே வகை அறைகள். அந்தப் பெண்கள் கேட்டது கூலி உயர்வுகூட அல்ல. தின்னத் தகுந்த சோறு, படுக்க இடம், உடன் வேலைசெய்தவளுக்கு என்ன ஆயிற்று என்ற தகவல்.

2024 ஆகஸ்டில் ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில், அந்த ஆலைப் பெண்களுக்காக அரசு கட்டிய பெரிய குடியிருப்பு திறக்கப்பட்டது. 18,720 பேர் தங்கலாம். செலவு 706 கோடி ரூபாய்க்கு மேல். அறைகள் காற்றோட்டமானவை, படுக்கைகள் தரையில் இல்லை. நல்ல காரியம்தான், குறை சொல்ல மாட்டேன். என் மாணவிகளில் சிலர் பட்டம் முடித்ததும் அங்கே போகிறார்கள். போகும் முன் ஜேன் கிளப்பின் கதையை அவர்களுக்குச் சொல்லி அனுப்புகிறேன்: சிகாகோவில், வாரம் மூன்று டாலர் சந்தா கட்டி, தங்கள் விடுதித் தலைவியைத் தாங்களே தேர்ந்தெடுத்த காலணி ஆலைப் பெண்களின் கதையை.